டிஎம்சி-க்கு எத்தனை குடம்?

இந்த வாரம் அட்வைஸ் எதுவும் கிடையாது, ஒரு ஒப்புதல் வாக்குமூலம் மட்டும்தான். நான் படிக்கிறது சிவில் இன்ஜினீயரிங், மூணாவது வருஷம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நல்ல கிரேடு (பிட் எல்லாம் அடிக்கலை பாஸ், நம்புங்க!). அப்பேர்ப்பட்ட நான், வீட்டு வாசல்ல தோண்டின குழி ஒண்ணுல எத்தனை லிட்டர் தண்ணி பிடிக்கும்னு கேட்ட கேள்விக்கு கிட்டத்தட்ட பதினோரு மடங்கு தப்பா பதில் சொன்னேன். அதனால எங்க தெரு மொத்தமும் குடத்தோட ரோட்டுக்கு வந்துச்சு. அந்தக் கதைதான் இது.

ஊரு போடிநாயக்கனூர். செமஸ்டர் லீவு. மே கடைசி வெயில்ல மண்டை காயுது. மேற்கே நிமிர்ந்து பார்த்தா போடிமெட்டு மலை மேல மேகம் சும்மா கும்முனு உட்கார்ந்திருக்கும். ஆனா கீழே எங்களுக்கு ஒரு சொட்டு விழாது. மழை மறைவுப் பிரதேசம்னு ஏழாம் கிளாஸ் ஜியாக்ரஃபியில படிச்சீங்களே, அதுக்கு உதாரணமே எங்க ஊருதான். அதனாலதான் வீட்டுல கையிருப்புக்காக ஒரு சம்ப் கட்டினாங்க. உள்அளவு 6 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி ஆழம். வேலை முடிஞ்சதும் கொத்தனார் அண்ணன், "ஒரு தடவை முழுசா தண்ணி ரொப்பி ஒருநாள் நிப்பாட்டிப் பார்த்துருவோம். ஒழுகுச்சுன்னா இப்பவே தெரிஞ்சுரும்"னு சொல்லிட்டு இன்னொரு சைட்டுக்குப் போயிட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நீ படிக்கிறதே இதானே... எம்புட்டு பிடிக்கும்னு பார்த்துச் சொல்லு. லாரிக்குச் சொல்லணும்."

செல்போன்ல கால்குலேட்டரைத் திறந்தேன். ஆறு இன்டு அஞ்சு இன்டு அஞ்சு, 150 கன அடி. ஒரு அடிக்கு 0.3048 மீட்டர். பெருக்கினா 45.72. ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர். ஆக 45,720 லிட்டர்! "நாலு லாரி பிடிக்கும்பா, முதல்ல ஒண்ணு சொல்லுங்க"ன்னு கெத்தா சொன்னேன்.

எங்கே சொதப்பினேன்னு கண்டுபிடிச்சவங்க கையைத் தூக்குங்க. கண்டுபிடிக்காதவங்க கவலைப்படாதீங்க, நானும் உங்க கட்சிதான்.

12,000 லிட்டர் லாரி வந்துச்சு. டிரைவர் அண்ணன் ஹோஸை சம்ப்புக்குள்ள விட்டார். கொஞ்ச நேரத்துலயே தண்ணி விளிம்புக்கு வந்துருச்சு. லாரியில பாதிக்கு மேல அப்படியே இருக்கு! "என்ன தம்பி, நாலு லாரின்னு சொன்னீங்களாம்?"னு அவர் கேட்டதுக்கு நான் வானத்தைப் பார்த்தேன். அவருக்கோ அடுத்த லோடு காத்துக்கிட்டு இருக்கு. மிச்சத் தண்ணியை எங்கேயாவது காலி பண்ணியே ஆகணும். முழு லோடுக்கும் காசு கொடுத்தாச்சு, சாக்கடையில விடவா முடியும், அதுவும் இந்தக் கோடையில?

எங்க அப்பத்தாதான் வாசல்ல நின்னு சத்தம் போட்டாங்க. "ஏத்தா... எல்லாரும் குடத்தை எடுத்துக்கிட்டு வாங்கத்தா!" அவ்வளவுதான். முப்பது வீட்டுல இருந்தும் பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், அண்டா, வாளி, குழந்தையைக் குளிப்பாட்டுற டப்புனு எல்லாம் வந்துருச்சு. அப்பத்தா திண்ணையில உட்கார்ந்து யாருக்கு எத்தனைன்னு கரெக்டா எண்ணி விட்டாங்க. ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. கடைசிக் குடம் நிறைஞ்சப்ப அவங்க கணக்கு ஐநூத்து நாப்பதைத் தாண்டியிருந்துச்சு.

சாயங்காலம் கொத்தனார் அண்ணன் வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கலை, அதுவே பெரிய பெருந்தன்மை. "தம்பி, அடியை மீட்டரா மாத்துனீங்க, சரி. ஆனா ஒரு தடவைதானே மாத்துனீங்க? நீளத்தை மாத்தணும், அகலத்தை மாத்தணும், ஆழத்தையும் மாத்தணும்ல?" அட ஆமால்ல! 0.3048-ஐ மூணு தடவை பெருக்கணும். அப்படிப் பெருக்கினா ஒரு கன அடிங்கிறது 0.0283 கன மீட்டர்தான், அதாவது 28.3 லிட்டர். "எங்களுக்கு இந்தப் புள்ளி எல்லாம் வேணாம் தம்பி. கன அடிக்கு 28 லிட்டர். மேல அரை அடி விட்டுட்டுக் கணக்குப் போடணும்." 6 இன்டு 5 இன்டு நாலரை, 135 கன அடி. 28.3-ஆல பெருக்கினா 3,800 லிட்டர் சொச்சம். 12,000-ல அது போக மிச்சம் 8,200.

ராத்திரி நான் ஒரு வேலை செஞ்சேன். ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலை எடுத்து, எங்க வீட்டு பிளாஸ்டிக் குடத்துல ஊத்தி ஊத்தி அளந்தேன். கழுத்து வரைக்கும் 15 பாட்டில். (உங்க வீட்டுக் குடம் 12 இருக்கலாம், 16 இருக்கலாம். குடத்துக்கு யாரும் முத்திரை குத்துறது இல்லை.) 8,200-ஐ 15-ஆல வகுத்தா 546. அப்பத்தா விரல் விட்டு எண்ணின கணக்கும், கொத்தனார் அண்ணனோட 28-ம் ஒண்ணா சேர்ந்துருச்சு. இன்ஜினீயர் கணக்கு மட்டும் தனியா நின்னுச்சு.

இதோட கதை முடிஞ்சிருந்தா இந்த வாரக் காலத்துக்கு மேட்டர் இல்லை. ரெண்டு நாள் கழிச்சு காலையில அப்பா பேப்பரை சத்தமா படிச்சுக்கிட்டு இருந்தார். வருஷா வருஷம் வழக்கமா ஜூன் முதல் வாரத்துல வர்ற செய்திதான். கம்பம் பள்ளத்தாக்குல முதல் போகத்துக்காகப் பெரியாறு அணையில இருந்து தண்ணி திறப்பு, பாசனத்துக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி, மொத்தம் 300 கன அடி. அப்பத்தா வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டாங்க. "ஏப்பு, நம்ம தொட்டி எத்தனை கன அடின்னு கொத்தனார் சொன்னாரு?"

"135 அப்பத்தா."

"அப்ப 300-ன்னா ரெண்டு தொட்டிதானே? ரெண்டு தொட்டித் தண்ணிக்கு எதுக்குடா மந்திரி, கலெக்டரு எல்லாம் மாலையைப் போட்டுக்கிட்டு வந்து மதகைத் திறக்குறாங்க?"

சிரிக்காதீங்க. அந்தச் செய்தியைப் படிக்கிற நம்மள்ல எத்தனை பேருக்கு இந்தச் சந்தேகமாவது வந்திருக்கு? நம்ம பேப்பர்கள்ல 'கன அடி'ங்கிற ஒரே வார்த்தை ரெண்டு வேலை பார்க்குது. அணையில எவ்வளவு தண்ணி இருக்குன்னு சொல்றதுக்கும் கன அடி, எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு சொல்றதுக்கும் கன அடி. ரெண்டாவதுல 'விநாடிக்கு'ங்கிற வார்த்தையை பல நேரம் விட்டுருவாங்க. அதைத்தான் நம்ம புக்குல கியூசெக்னு படிக்கிறோம். பேங்க்ல இருக்கிற பணம் வேற, மாசச் சம்பளம் வேற இல்லையா? அந்த மாதிரி டிஎம்சி பேங்க் பேலன்ஸ், கியூசெக் சம்பளம்.

டிஎம்சின்னா ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர்னு கொத்தனார் சொல்லிட்டார். அப்ப ஒரு டிஎம்சி 2,831 கோடி லிட்டர் சொச்சம். அப்பத்தா மொழியில சொன்னா 189 கோடி குடம்! 189 கோடிங்கிறதும் நமக்கு வெறும் சத்தமாதான் கேட்கும். அதனால இப்படி யோசிங்க. செகண்டுக்கு ஒரு குடம் வீதம், தூங்காம, சாப்பிடாம மொண்டுக்கிட்டே இருந்தா ஒரு டிஎம்சியைக் காலி பண்ண 60 வருஷம் ஆகும். ரிட்டயர்மென்ட் வரைக்கும் இதே வேலைதான்.

கியூசெக் இதைவிட சுலபம். ஒரு கன அடி கிட்டத்தட்ட ரெண்டு குடம் (கறாரா சொன்னா 1.89). அதனால ஒரு கியூசெக்னா செகண்டுக்கு ரெண்டு குடத்துக்குக் கொஞ்சம் கம்மி. இந்த ஒண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணி வெச்சுக்கோங்க, அணைச் செய்தி எல்லாம் டக்குனு உயிர் வந்துரும். குடிநீருக்குத் திறக்கிற 100 கன அடின்னா செகண்டுக்கு 189 குடம். அதாவது எங்க தெரு மொத்தமும் ஒண்ணேகால் மணி நேரம் அடிச்சுப் பிடிச்சு வாங்கின அந்த 546 குடம், அங்கே வெறும் மூணு செகண்ட் தண்ணி!

இதைச் சொன்னதும் அப்பத்தா வெத்தலை மெல்றதை நிறுத்திட்டாங்க. "மூணு செகண்டுன்னா?" "ஒண்ணு... ரெண்டு... மூணு. அம்புட்டுதான் அப்பத்தா." கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அப்ப அம்புட்டுத் தண்ணியும் எங்கேடா போகுது?"ன்னாங்க.

நியாயமான கேள்வி. மெதுவா போவோம். 100 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினா 24 கோடியே 47 லட்சம் லிட்டர். நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் கொடுக்கணும்ங்கிறது மத்திய அரசோட குடிநீர் வழிகாட்டு அளவு. கிராமத்துக்கு, 2019-ல ஆரம்பிச்ச ஜல் ஜீவன் திட்டப்படி 55 லிட்டர். குடத்துல சொன்னா டவுன்காரனுக்கு ஒன்பது குடம், கிராமத்துக்காரனுக்கு நாலு குடம்கூட முழுசா இல்லை. (ஏன் இந்த வித்தியாசம்னு என்னைக் கேட்காதீங்க. கிராமத்துல என்ன பாதி குளியலா குளிக்கிறாங்க?) 135 லிட்டர் கணக்குலயே வெச்சாலும் அந்த 100 கன அடி 18 லட்சம் பேருக்குப் போதும். ஆவியாகிறது, மண்ணு குடிக்கிறது, வழியில கசியுறது எல்லாத்தையும் கழிக்காத பேப்பர் கணக்கு இது.

பாசனத்துக்கான 200 கன அடியைப் பார்ப்போம். அதை 120 நாளைக்குத் திறக்கிறதா சொல்லுவாங்க. ஒரு கியூசெக் ஒரு நாள் ஓடினா 86,400 கன அடி (ஒரு நாளைக்கு அத்தனை செகண்ட்). பெருக்கிப் பார்த்தா 120 நாளைக்கு ரெண்டு டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல. கம்பம் பள்ளத்தாக்குல இருபோக நிலம் 14,707 ஏக்கர். பங்கு போட்டா ஏக்கருக்குச் சுமார் 40 லட்சம் லிட்டர், அதாவது ரெண்டு லட்சத்து அறுபத்தாறாயிரம் குடம். நெல்லு அப்படித்தான் குடிக்கும். ஒரு கிலோ அரிசி விளைய 2,000 லிட்டருக்கு மேல தண்ணி போகுது. நம்ம ஹாஸ்டல் மெஸ்ல ஒரு தட்டுல விழுற சோறு 150 கிராம் அரிசின்னு வெச்சாக்கூட, அதுக்குப் பின்னாடி இருபது குடம் தண்ணி நிக்குது. அதுக்கு மேல ஊத்துற சாம்பார்ல வேற பாதி தண்ணிதான், அது தனிக் கணக்கு.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். போடிக்கு ஆறுன்னா கொட்டகுடி ஆறு. குரங்கணி மலைப் பக்கமிருந்து இறங்கி வந்து வைகையில சேரும். 2011 கணக்கெடுப்புல போடி டவுன் மக்கள்தொகை சுமார் 75 ஆயிரம். ஆளுக்கு 135 லிட்டர்னா நாளைக்கு ஒரு கோடி லிட்டர். அப்படின்னா ஒரே ஒரு டிஎம்சி இருந்தா எங்க ஊரு ஏழரை வருஷத்துக்கு மேல குடிச்சு, குளிச்சு, துவைச்சுத் தள்ளலாம். வைகை அணை நிரம்பினா சுமார் ஆறு டிஎம்சி. முல்லைப் பெரியாறுல 136 அடியா 142 அடியான்னு பல வருஷம் கோர்ட்டுல நடந்து, 2014 மே மாசம் 142-ன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சே, அந்த ஆறு அடிக்குள்ள இருக்கிறது ஏறத்தாழ ஒன்றரை டிஎம்சி. ஆறு அடின்னு கேட்டா ஒரு ஆள் உயரம்தானேன்னு தோணும். குடத்துல போட்டா 280 கோடி குடம். அணையோட அடிக்கணக்கு இப்படித்தான் ஏமாத்தும். அணை அடியில குறுகல், மேல போகப் போக விரியும். கீழே இருக்கிற ஓரடியும் மேல இருக்கிற ஓரடியும் ஒரே தண்ணி கிடையாது. எங்க சம்ப் மாதிரி செங்குத்தா சுவர் இருந்தா மட்டும்தான் ஒவ்வொரு அடியும் சமம்.

ஏன் இன்னும் அடியில பேசுறோம்னு கேட்கிறீங்களா? பெரியாறு அணையை ஜான் பென்னிகுயிக் கட்டினது பிரிட்டிஷ் காலம், 1895-ல திறந்தாங்க. அவங்க அளவு எல்லாம் அடி, கன அடிதான். 1956-ல எடை, அளவுச் சட்டம் வந்து கிலோவும் லிட்டரும் நம்ம கடைக்கு வந்துருச்சு, மதகுக்கு மட்டும் வரலை. அமெரிக்காக்காரன் இன்னும் மோசம், ஏக்கர்-அடின்னு ஒண்ணு வெச்சிருக்கான். ஒரு ஏக்கர் நிலத்துல ஒரு அடி உயரத்துக்குத் தண்ணி நின்னா எவ்வளவோ அவ்வளவு, 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். ஆஸ்திரேலியாவுல பெரிய தண்ணிக் கணக்கை சிட்னி துறைமுகத்துல எத்தனை மடங்குன்னு சொல்ற பழக்கம் உண்டு. துறைமுகமே அவங்களுக்குக் குடம்!

எங்க அப்பத்தாவும் அளவுல லேசுப்பட்ட ஆள் கிடையாது. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்னு மூச்சு விடாம சொல்லுவாங்க. "ஒரு கலத்துக்கு எத்தனை ஆழாக்கு அப்பத்தா?"ன்னா, 768-ன்னு நான் கால்குலேட்டர் எடுக்கிறதுக்குள்ள பதில் வந்துரும். அந்தக் காலத்துல ஒரே சிக்கல், ஊருக்கு ஊரு படி மாறும். தலைதட்டி அளந்தா ஒண்ணு, குவிச்சு அளந்தா ஒண்ணு. அளக்கிறவன் கையைப் பொறுத்து விலை மாறும்.

லிட்டரும் அவங்களுக்கு அத்துப்படி. பல வருஷம் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனவங்க. போடியில ஏலக்காய் வியாபாரத்துல 'லிட்டர் வெயிட்'னு ஒரு வார்த்தை உண்டு, தெரியுமா? காயை கிலோவுலதான் விக்கிறாங்க, ஆனா தரத்தை லிட்டர் வெச்சு சொல்லுவாங்க. ஒரு லிட்டர் அளவுல காயை ரொப்பி, அது எத்தனை கிராம்னு எடை போடுவாங்க. அக்மார்க் கணக்குல 'எக்ஸ்ட்ரா போல்ட்' பச்சைக் காய்னா 7 மில்லிமீட்டர் பருமனும், லிட்டருக்கு 435 கிராமும் இருக்கணும். அடுத்த ரகம் 'போல்ட்', 415 கிராம். உள்ளே விதை நல்லா விளைஞ்சிருந்தா எடை நிக்கும், சொத்தையா இருந்தா காத்துதான். அஞ்சு கிலோ பச்சைக் காயைக் காய வெச்சாதான் ஒரு கிலோ காய் கிடைக்கும், அதனால ஒவ்வொரு கிராமுக்கும் அடிதடி. எங்க தெருவுக்கு வந்த 12,000 லிட்டர் லாரி நிறைய 'போல்ட்' ஏலக்காயைக் கொட்டினா எடை என்னன்னு நெனைக்கிறீங்க? அஞ்சு டன்தான். தண்ணின்னா பன்னிரண்டு டன். லிட்டர்ங்கிறது இடம், கிலோங்கிறது கனம். ரெண்டையும் குழப்பினா என்ன ஆகும்?

விமானமே நடு வானத்துல நின்னுரும். கனடாவுல 1983 ஜூலை 23-ம் தேதி நடந்தது இது. அந்த நாடு அப்பதான் மெட்ரிக் அளவுக்கு மாறிக்கிட்டு இருந்துச்சு. ஏர் கனடாவோட புது போயிங் 767-ல எரிபொருள் அளவு காட்டுற கருவி வேலை செய்யலை. சரி, கையாலயே கணக்கு போடுவோம்னு போட்டாங்க. டேங்க்ல இருக்கிற லிட்டரை கிலோவா மாத்தணும். எரிபொருளோட 'லிட்டர் வெயிட்' 0.8 கிலோ. ஆனா அவங்க பெருக்கினது 1.77-ஆல. அது ஒரு லிட்டர் எத்தனை பவுண்டுங்கிற எண்! வேண்டியது 22,300 கிலோ, இருந்ததோ அதுல பாதிகூட இல்லை. 41,000 அடி உயரத்துல ரெண்டு இன்ஜினும் அடுத்தடுத்து அவுட். பைலட் கிளைடர் மாதிரி மிதக்க விட்டு, கிம்லிங்கிற ஊர்ல இருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில கொண்டுபோய் இறக்கினார். 69 பேரும் பிழைச்சாங்க. நான் பண்ணின தப்பும் அவங்க பண்ணின தப்பும் ஒரே ஜாதி. எண்ணு சரியா இருக்கும், ஒட்டியிருக்கிற அளவு தப்பா இருக்கும். கால்குலேட்டருக்கு அது தெரியாது பாருங்க. 45,720-ன்னு எனக்குக் காட்டினப்பவும் அது வெட்கப்படவே இல்லை. ஆறடிக் குழிக்குள்ள 45 டன் தண்ணி எப்படிடா போகும்னு நான்தான் ஒரு நிமிஷம் குழியை எட்டிப் பார்த்திருக்கணும்.

மழைக்கணக்கு ஒண்ணு சொல்லாம விட முடியாது, ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். 'தேக்கடியில் 40 மில்லிமீட்டர்'னு செய்தி வரும். ஸ்கேல்ல அளக்கிற மில்லிமீட்டருக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சதுர மீட்டர் இடத்துல ஒரு மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா அது சரியா ஒரு லிட்டர். இதுக்குக் கால்குலேட்டரே வேணாம். ஒரு சென்ட் மொட்டைமாடியில (40 சதுர மீட்டர்) 10 மில்லிமீட்டர் பெய்ஞ்சா 400 லிட்டர், 27 குடம். மலை மேல ஒரு ஏக்கர் ஏலத்தோட்டத்துல 100 மில்லிமீட்டர் கொட்டினா நாலு லட்சம் லிட்டர். பெரியாறு அணையோட நீர்ப்பிடிப்புப் பகுதி 624 சதுர கிலோமீட்டர். அது முழுக்க 45 மில்லிமீட்டர் பெய்ஞ்சா விழுற தண்ணி ஒரு டிஎம்சி. அதாவது நம்ம சுண்டுவிரல் நீளத்துக்கும் கம்மியான மழை, 189 கோடி குடம்! (எல்லாம் அணைக்கு வந்துராது. காடு குடிச்சது போகத்தான் அணைக்கு.)

இதை அப்பத்தாகிட்ட சொன்னப்ப அவங்க மேற்கே மலையைப் பார்த்தாங்க. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. கருக்கல்ல ஜீப்புல ஏறி தோட்டத்து வேலைக்குப் போற எங்க ஊரு பொம்பளைங்க, மழைக்காலத்துல பிளாஸ்டிக் கொங்காணியைப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க நனைவாங்க. சாயங்காலம் அதே ஜீப்புல இறங்கி வந்து, வீட்டுக் குழாயில குடத்தை வெச்சுட்டுக் காத்துக்கிட்டு இருப்பாங்க. "அங்கிட்டு நனைஞ்ச தண்ணியைப் பிடிச்சிருந்தா இங்கிட்டு வரிசையில நிக்க வேணாம்ல"ன்னு அப்பத்தா சொன்னது ஜோக்கா நிஜமான்னு எனக்கு இன்னும் புரியலை. அதுக்கும் ஒரு கணக்கு போடலாம். நிமிர்ந்து நிக்கிற ஒரு ஆள் மேல விழுற மழைக்குப் பரப்பளவு அரை சதுர மீட்டர்கூடத் தேறாது. 40 மில்லிமீட்டர் நாள்ல 20 லிட்டர்னு வெச்சுக்கோங்க. ஒரு குடமும் கொஞ்சமும்.

ஆங், சம்ப்போட டெஸ்ட் ரிசல்ட்டை சொல்லாம விட்டுட்டேனே. லாரி வந்த அன்னிக்கு ராத்திரியே தண்ணி மட்டத்துல பென்சிலால கோடு போட்டு வெச்சேன். மறுநாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தா அரை இஞ்ச் இறங்கியிருக்கு. அரை இஞ்ச்தானேன்னு விட்டுருவேன், பழைய ஆளா இருந்தா. இப்ப உட்கார்ந்து போட்டேன். 6 இன்டு 5, முப்பது சதுர அடி. அரை இஞ்ச்னா ஒரு அடியில இருபத்து நாலுல ஒரு பங்கு. ஒண்ணேகால் கன அடி. 35 லிட்டர்.

"அப்பத்தா, ஒரே நாள்ல ரெண்டே கால் குடம் குறைஞ்சிருக்கு."

"புது சிமெண்டு கொஞ்சம் குடிக்கும்டா. ரெண்டு குடமா குடிக்கும்? கொத்தனாருக்குப் போன் போடு."

போட்டேன். மறுநாள் வந்து பார்த்தவர், குழாய் உள்ளே நுழையுற மூலையில பூச்சு விட்டுப் போயிருக்குன்னு கண்டுபிடிச்சார். தண்ணியை இறைச்சாதான் பூச முடியும்னு சொல்லிட்டார். இறைச்சுட்டுத் திரும்பவும் ரொப்பணும். அப்பா என் பக்கம் திரும்பினார். நான் டேப்பை எடுத்துக்கிட்டு சம்ப்புக்குள்ள இறங்கிட்டேன்.